கடைசி ஆள் தெரியும்வரை

உடற்கல்வி ஆசிரியைக்கு மலைமேல் வேலை போட்டால் அதைத் தண்டனை என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். எனக்குப் போட்டார்கள். கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருந்த, என்னைப் பெற்ற அத்தா, "ஓடறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்கன்னா அது மலையில இருந்தா இன்னா, மடுவுல இருந்தா இன்னா" என்றார். அவருக்குத் தெரிந்த ஓட்டம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது மட்டும்தான். நானும் அதைத்தான் தினமும் ஓடினேன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வடக்கனந்தல் தாண்டி மலையேறி, கரியாலூருக்கும் அப்பால் இறங்கினால் எங்கள் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் உண்டு. அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் வேறு ஊருக்குப் போக வேண்டும், போகிறவர்கள் குறைவு.

மைதானம் என்று ஒன்று பெயருக்கு இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. பந்து உருண்டால் யாரோ ஒருவருடைய மரவள்ளிக் கொல்லைக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டும், கொல்லைக்காரர் அதற்கு இரண்டு வார்த்தை பேசுவார், நான் நாலு வார்த்தை பேசுவேன். அதனால் ஓட்டத்துக்கு ரோடுதான் கதி. மலை ரோடு. வளைவுக்கு மேல் வளைவு. விடியற்காலையில் கிழங்கு லாரிகள் இறங்குவதற்கு முன்னால் ஓடி முடித்துவிட வேண்டும். சனி, ஞாயிறு என்றால் அருவி பார்க்க வருகிறவர்கள் உடைத்துப் போட்ட பாட்டில் சில்லுகளை முதலில் பொறுக்க வேண்டும். அது எங்களுக்கு வார்ம் அப்.

என் பெண்களுக்கு நடை சொல்லித்தர வேண்டியதில்லை. விறகுக்கும் தண்ணீருக்கும் கடுக்காய் பொறுக்கவும் நடந்து நடந்து அவர்கள் கால் ஒரே வேகத்துக்குப் பழகியிருந்தது. எவ்வளவு தூரம் சொன்னாலும் போவார்கள். கொஞ்சம் வேகமாகப் போங்கடி என்றால் மட்டும் அடுத்த மின்கம்பத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேகத்தைக் கொண்டுவர எனக்குத் தெரிந்தது ஒரே வழி, விட்டுவிட்டு ஓடுவது. இன்டர்வெல் ட்ரெயினிங் என்று கல்லூரியில் சொல்லித் தந்தார்கள். கொஞ்ச தூரம் உயிரைக் கொடுத்து ஓடு. பிறகு மெல்ல நடந்து மூச்சைப் பிடி. மூச்சு முழுதாகத் திரும்புவதற்கு முன்னாலேயே மறுபடியும் ஓடு. இதையே வாரக்கணக்கில் செய்துவந்தால் வேகமும் வரும், கடைசிவரை தாக்குப்பிடிக்கிற தெம்பும் வரும்.

பார்க்கிறவர்கள் ஓட்டத்தைத்தான் பார்ப்பார்கள். சூட்சுமம் ஓய்வில் இருக்கிறது. ஓய்வு கூடிவிட்டால் உடம்பு ஆறிப்போகும். குறைந்துவிட்டால் பிள்ளை வாந்தி எடுக்கும், அதுவும் காலையில் வெறும் டீ குடித்துவிட்டு வருகிற பிள்ளை. நாடியைத் தொட்டு எண்ணுகிற பொறுமை எனக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. அதனால் நானாக ஓர் அளவு வைத்துக்கொண்டேன். தன் பேர், ஊர்ப் பேர், அப்பா பேர் மூன்றையும் திணறாமல் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் அடுத்த ஓட்டம். சொல்ல முடியவில்லையா, இன்னும் கொஞ்சம் நட.

முதல் நாளே எல்லாம் குட்டிச்சுவர் ஆனது. ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவு வரை வேகமாக ஓட வேண்டும், அங்கே நிற்காமல் நடக்க வேண்டும் என்று சொல்லி விசிலை ஊதினேன். முதலில் போனவள் வளைவில் போய் முளையடித்த மாதிரி நின்றாள். இரண்டாவது போனவளும் நின்றாள். வந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சு வாங்க ஏறிப் போய்க் கத்தினேன்.

"எதுக்குடி நிக்கறீங்க? நடக்கத்தான சொன்னன்?"

"கடைசி ஆளு தெரியல டீச்சர்" என்றாள் ஒருத்தி, இது கூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

மலையில் கூட்டமாகப் போகும்போது அதுதான் வழக்கம். முன்னே போகிறவர் ஒவ்வொரு வளைவிலும் நிற்க வேண்டும். கடைசியில் வருகிற ஆள் கண்ணில் பட்ட பிறகுதான் அந்த வளைவைத் தாண்டலாம். மூடுபனி இறங்கினால் கையெட்டும் தூரத்தில் இருப்பவரே தெரியாது. கரடி உண்டு. ஓடையில் கால் வழுக்கினால் கூப்பிடும் சத்தம் மேலே கேட்காது. வயதானவர்களும் பிள்ளைகளும்தான் கடைசியில் வருவார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி, அது சொல்ல வேண்டாத விஷயம் ஆகிவிட்டது. நான் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், நிற்கிறவளுக்கு மதியம் முட்டை கிடையாது என்று பொய்யாக மிரட்டியும் பார்த்தேன். எங்கள் தலைமையாசிரியர், "பழக்கம் கொடியதும்மா, பாறையிலயும் கோழி சீய்க்கும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

சண்டை போட்டு அலுத்த பிறகு, அந்த வழக்கத்தையே ஓய்வாக வைத்துக்கொண்டேன். வளைவு வரை உயிரைக் கொடுத்து ஓடு. கடைசி ஆள் தெரியும்வரை காலை உதறிக்கொண்டு நில். தெரிந்ததும் அடுத்த ஓட்டம். கடைசி ஆளுக்கு மட்டும் நான் பக்கத்தில் நின்று தனியாக மூச்சு வாங்க விடுவேன். சில வாரங்களில் ஒரு விஷயம் புரிந்தது. பின்தங்கியவர்கள் வேகம் பிடிக்கப் பிடிக்க, முன்னால் நிற்பவர்களுக்குக் கிடைக்கிற ஓய்வு தானாகவே குறைந்துகொண்டு வந்தது. எந்தப் புத்தகத்திலும் இதைவிடச் சரியாகக் குறைத்திருக்க மாட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது என்றே சொல்லலாம். அத்தாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர், "அப்ப உன் சம்பளத்தில பாதிய அந்தப் பொண்ணுங்களுக்குக் குடு" என்றார்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பெண்கள் ஒரே ஊர், ஒரே வகுப்பு, பத்தாவது. ஒருத்தி நெட்டை. எப்போதும் முதலில் போய் வளைவில் நிற்பவள் அவள்தான். இன்னொருத்தி குட்டை, தொடக்கத்தில் எப்போதும் கடைசி. நெட்டைப் பெண் ஓடினால் ரோட்டில் சத்தமே கேட்காது. எத்தனையோ பள்ளிகளில் எத்தனையோ பிள்ளைகளை ஓடவிட்டிருக்கிறேன். அப்படி ஒரு கால் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அதற்குப் பின்னாலும் பார்த்ததில்லை.

அவள் அப்பா கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே சரியாக வேலை செய்யாமல் வீட்டில் கிடந்தார். பத்தாவது பரீட்சை முடிந்ததும் அவளை நூல் மில்லுக்கு அனுப்புவதாகப் பேச்சு. வருடா வருடம் மேற்கேயிருந்து ஓர் ஏஜென்ட் வேன் கொண்டுவந்து பெண்களை ஏற்றிப் போவார். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல், மூன்று வருடம். திரும்பி வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இருமலும் வெளுத்த உதடுமாக வந்து, வந்த வேகத்தில் கல்யாணம் ஆகிப் போனவர்கள். அந்த ஏஜென்ட் நெட்டைப் பெண்ணின் அப்பாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

எனக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு கள்ளக்குறிச்சியில் நடக்கும். எண்ணூறு மீட்டர் பெண்கள் ஓட்டத்தில் முதல் இரண்டு பேருக்கு இடம். சாப்பாடு, படிப்பு, தங்குவது எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பன்னிரண்டாவது வரை. அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா சாமை புடைத்துக்கொண்டே கேட்டார்.

"நெசமாவே எடம் குடுப்பாங்களா டீச்சரம்மா?"

"ஓடி ஜெயிச்சா குடுப்பாங்க."

"அப்ப ஓடட்டும். எடம் கெடச்சா அனுப்பறன். கெடைக்கலன்னா மில்லுக்குத்தான். அப்புறம் வந்து நீங்க ஒன்னும் சொல்லக் கூடாது."

சரி என்றேன். அப்பா கட்டிலில் படுத்தபடியே, "அவ ஓடுவா டீச்சர்" என்றார். அவர் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நான் அவளை விடவில்லை. மற்றவர்கள் ஓடி முடித்த பிறகும் அவளையும் குட்டைப் பெண்ணையும் வைத்து ஓட்டினேன். குட்டைப் பெண்ணை விட்டால் இவள் ஓடமாட்டாள், அதனால் அவளும். கடைசியாக வந்துகொண்டிருந்தவள் அந்த வருடத்துக்குள் இரண்டாவதாக வந்துவிட்டாள். மழையில் ஓடினார்கள். பனியில் நான் டார்ச் அடித்துக்கொண்டு நிற்க, ஓடினார்கள். ஒரு நாள் ஓடி முடித்ததும் நெட்டைப் பெண் ரோட்டோரம் குந்தி, "டீச்சர், மில்லுலயும் ஹாஸ்டல்தான சொல்றாங்க, ரெண்டும் ஒன்னுதானா?" என்று கேட்டாள். "ஒன்னு இல்லடி. நீ ஓடி எடத்த வாங்கிட்டா மில்லு வாசல மிதிக்கவே வேணாம்" என்றேன். அப்போது அதை முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. தேர்வில் போய் இவள் நின்று தொலைத்தால்? அதனால் ஒரு சனிக்கிழமை இருவரையும் கீழே கூட்டிவந்து வடக்கனந்தல் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் ஓடவிட்டேன். தட்டையான தரையை அவர்கள் கால் நம்பவில்லை. முதல் சுற்றில் தடுமாறினார்கள். பிறகு நெட்டைப் பெண் பறந்தாள். ஒவ்வொரு வளைவிலும் தலையைத் திருப்பிப் பார்த்தாள், நிற்கவில்லை. எங்கே திரும்பினாலும் குட்டைப் பெண் தெரிந்தாள், அவ்வளவுதான் காரணம். அன்றைக்கு பஸ்ஸில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தேர்வு நாளில் மைதானத்துக்கு நடுவே பந்தல் போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினருக்காம். பின்பக்கமும் பக்கவாட்டும் துணி கட்டி, உள்ளே வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், பூங்கொத்துகள், சில்வர் தட்டில் முந்திரி. சூரியன் உச்சிக்கு வந்தும் விருந்தினர் வரவில்லை. பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள், நாற்காலிகள் நிழலில் உட்கார்ந்திருந்தன. மைக்கில் ஒருவர் ஓயாமல் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் நெட்டைப் பெண்ணின் தோளைப் பிடித்து, "யாருக்கும் நிக்கக் கூடாது. இன்னா நடந்தாலும் கோட்டத் தொட்டுட்டுத்தான் நிக்கணும். தெரியுதா?" என்றேன். "தெரியுது டீச்சர்" என்றாள்.

இரண்டு சுற்று ஓட்டம். முதல் சுற்று முடியும்போதே அவள் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் சமவெளிப் பள்ளிகளின் பெண்கள் ஷூவும் அரைக்கால் சட்டையுமாகக் கூட்டமாக வந்தார்கள், அந்தக் கூட்டத்துக்குள் எங்கள் குட்டைப் பெண். என் பக்கத்தில் நின்ற வேறொரு பள்ளி சார், "எந்த ஊருங்க அந்தப் பொண்ணு, இப்டி ஓடுது" என்று கேட்டார். "எங்க பொண்ணு சார்" என்றேன், அவள் மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாவது சுற்றில், பந்தலுக்கு அந்தப் பக்கம், கூட்டத்தில் யாரோ இடித்துக் குட்டைப் பெண் விழுந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்தது. நெட்டைப் பெண் நின்ற இடத்திலிருந்து தெரியாது. அவள் அப்போது வளைவைத் தாண்டி நேர்ப்பாதைக்கு வந்துவிட்டாள். வழக்கம்போலத் தலையைத் திருப்பினாள். பந்தல் துணி மறைத்தது. துணிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருத்தியாக வந்தார்கள், எங்கள் பெண் மட்டும் வரவில்லை. அவள் ஓட்டம் நடையானது. நடை நின்றது.

நான் கத்தினேன். எனக்கு எப்போதுமே தொண்டை பெரிது, ஆனால் மைக்கில் அந்த ஆள் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காலை உதறிக்கொண்டு நின்றாள், நான் கற்றுக் கொடுத்தபடி. முதல் பெண் அவளைத் தாண்டிப் போனாள். அடுத்தவள் போனாள். இன்னும் சிலர் போனார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. கடைசியில் முழங்காலில் ரத்தத்தோடு குட்டைப் பெண் துணிக்குப் பின்னாலிருந்து நொண்டி வந்தாள். அவள் கண்ணில் பட்ட அந்த நொடியில் நெட்டைப் பெண் கிளம்பினாள். அப்படி ஓர் ஓட்டத்தை அந்த மைதானம் பார்த்திருக்காது. முன்னால் போனவர்களை வரிசையாகப் பிடித்துத் தாண்டினாள். கோட்டைத் தொடும்போது மூன்றாவது. இன்னும் பத்தடி இருந்திருந்தால் இரண்டாவது பெண்ணையும் பிடித்திருப்பாள்.

குட்டைப் பெண்ணைத் தாங்கிக்கொண்டு, நெட்டைப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அதிகாரியிடம் போனேன். பந்தல் மறைத்தது, ஒரு பிள்ளை விழுந்தது, மறுபடி ஓடவிடுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "விழுந்த பொண்ணுக்குக் கேட்டீங்கன்னாகூட யோசிக்கலாம் மேடம். இந்தப் பொண்ணு சும்மா நின்னுச்சி. ஓடறவ நின்னா நான் இன்னா பண்றது?" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "யாரும்மா உன்ன நிக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

"கடைசி ஆளு தெரியல சார்" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் யாரையாவது அறைந்திருப்பேன், கையில் குட்டைப் பெண்ணைத் தாங்கிப் பிடித்திருந்ததால் முடியவில்லை.

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் என் கோபமெல்லாம் அவள் மேல் திரும்பியது. "உன் அப்பன நெனச்சியா? உன் ஆத்தாள நெனச்சியா? ஒரு வருஷம் தொண்டை கிழிய உனக்குச் சொன்னனே" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். குட்டைப் பெண் வழி முழுக்க அழுதாள். நெட்டைப் பெண் அழவில்லை. அவள் பாட்டிலைத் திறந்து குட்டைப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னாள்.

"வேணும்னு நிக்கல டீச்சர். நிக்கக் கூடாதுன்னு தெரியும். ஆனா அவ தெரியலயே. கால் தானா நின்னுடுச்சி."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரீட்சை முடிந்த வாரத்தில் வேன் வந்தது. அதற்கு முதல் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். கீழே வேறு பள்ளியில் சேர்த்துவிடுகிறேன், அடுத்த வருடத் தேர்வுக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றேன். ஒன்றும் சொல்லக் கூடாது என்ற பேச்சை மீறித்தான் சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. கட்டிலைக் காட்டி, "இவரத் தூக்கி வெளிய உக்கார வெக்கவே ரெண்டு ஆளு வேணும். நான் கூலிக்குப் போவனா, இவரப் பாப்பனா? நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா" என்றார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். குட்டைப் பெண்ணை அவள் வீட்டார் கீழே சித்தி வீட்டில் விட்டுப் பதினொன்றாவது சேர்த்தார்கள். அவள் அதற்குப் பிறகு ஓடவில்லை. எங்காவது என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடுவாள்.

வேன் கிளம்பும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். போய் நிற்க மனது வரவில்லை.

பல மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கள்ளக்குறிச்சியில் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள்தான். மில் ஹாஸ்டலில் வார்டன் போனிலிருந்து பேசினாள். சுற்றிலும் வேறு பெண்களின் சத்தம் கேட்டது. சாப்பாடு பரவாயில்லை என்றாள். தூக்கம்தான் கம்மி என்றாள். பஞ்சு மூக்கில் ஏறுகிறது, பழகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அவள் குரலில் நான் எதிர்பார்க்காத ஓர் உற்சாகம் இருந்தது.

"உங்களுக்கு ஒன்னு சொல்லணும்னுதான் டீச்சர் போன் பண்ணன். இங்க நூல் அறுந்தா ஓடிப் போயி முடிச்சிப் போடணும். அங்க போட்டா இங்க அறுந்துக்கினு இருக்கும். மத்த பொண்ணுங்களுக்கு ஷிப்ட் முடியறதுக்குள்ள கால் வீங்கி, மூச்சு வாங்கிடுது. எனக்கு ஒன்னும் ஆவறதில்ல. அடுத்த மிஷினுக்கு நடக்கறதுக்குள்ளயே மூச்சு வந்துடுது. நீங்க குடுத்த ஓட்டந்தான். சூப்பர்வைசர் எனக்கு மட்டும் ஜாஸ்தி மிஷின் குடுத்துக்கிறாரு."

கையிலிருந்த துணியை மடிக்காமல் கீழே வைத்தேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்து, "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டாள். இருக்கிறேன் என்றேன். எனக்கு அழுகை வந்தது, அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என் தங்கச்சி இந்த வருஷம் எட்டாவது வரா டீச்சர். அவளையும் ஓட வைங்க. எனக்குக் குடுத்த மாதிரியே நல்லாக் குடுங்க. அப்பதான் இங்க வந்தா கஷ்டப்பட மாட்டா."

நன்றாக ஓடினால் உன் தங்கை அங்கே வரவே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை நான் இவளிடமே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அதனால் சொல்லவில்லை.

"சரி, அனுப்பு" என்றேன்.